அப்பா செலவு

டேய் தம்பி,

பணம் வந்தது. இனிமேல் அனுப்பும்போது குறிப்பில் "அப்பா செலவு" என்று போட்டுத் தொலையாதே. நான் அடுப்படியில் இருந்தால் என் போனுக்கு வரும் மெசேஜை அப்பாதான் சத்தமாகப் படித்துச் சொல்வார். அன்றும் படித்தார். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

ஆயுசு முழுக்க மில்லில் கணக்கு எழுதியவர். செலவு என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைக் குறைக்கத்தான் அவருக்குத் தெரியும். மறுநாளே சாயங்கால டீ வேண்டாம் என்றார். குளிக்க வெந்நீர் வேண்டாம் என்றார். ஃபேனை அணைத்துவிட்டு செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா இப்படி உயிரை வாங்கறீங்க?" என்று கத்தினேன்.

"இந்த மாசம் என்னைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்மா" என்கிறார்!

நேற்று அதையும் தாண்டிவிட்டார். கொட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த முந்தாநாள் சாப்பாட்டை, வீணாகிறதே என்று சாப்பிட்டிருக்கிறார். வயிறு பிடுங்கிக்கொண்டது. டாக்டர், ஊசி, மருந்து என்று அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மத்தியானத்தில் போச்சு. அந்த வலியிலும், "தம்பிகிட்ட சொல்லிடாதே, இதையும் சேர்த்து அனுப்பப் போறான்" என்றார்.

பணமே வேண்டாம் என்று உன்னிடம் வீராப்பு பேச எனக்கு வழியில்லை. அனுப்பு. ஆனால் அந்தக் குறிப்பைக் காலியாக விடு. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போடாமல் அவருக்கே ஒரு போன் போடு. அதை அவர் வரவில் எழுதிக்கொள்வார்.

உன் மேல் இன்னும் கடுப்பில் இருக்கும்
அக்கா