படி அளந்த கதை

மார்ச் 3

இன்று நான் பெரிய மனிதன். கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைக் கணக்கெடுக்கத் தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இடுப்பில் ஒரு டேப், கையில் ஒரு டேப். பெயர் கேட்க மறந்துவிட்டேன், டேப் சார் என்றே இருக்கட்டும். எங்கள் வாசற்படி ஐந்தையும் மண்டி போட்டு அளந்தார். கோயிலைச் சுற்றிக் காட்டும் பேட்டரி வண்டி ஓட்டுகிறவன் நான், வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? தினமும் மைக்கில் விடுவதை அவரிடமும் எடுத்துவிட்டேன்.

"கோபுரம் கட்டி மிஞ்சின கல்லு சார் இது. ராஜாவே சிற்பிக்குப் பரிசா குடுத்தது."

"யார் சொன்னது?"

"பரம்பரையா வர்ற பேச்சு சார்." (பரம்பரை என்றால் நானும் என் மைக்கும்.)

உள்ளேயிருந்து மனைவி, "கல்லத் தூக்கிட்டு வந்ததும் இவர்தான், அதையும் எழுதிக்குங்க" என்றாள். சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிட்டு என் ஒரே மகள். வாய்ப்பேச்சில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

அவர் டேப்பால் அளந்தார், நான் வாயால் அளந்தேன். நல்ல பொழுது.

மார்ச் 21

வாசலில் பலகை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'பாதுகாக்கப்பட்ட பழமையான முகப்பு. மாற்றம் செய்யக் கூடாது.' பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். "உன்னையும் சேர்த்தாப்பா சொல்றாங்க?" என்கிறாள் சிட்டு.

ஏப்ரல் 9

சிட்டு வேலைக்குப் போகிற வழியில் லாரி. உயிர் இருக்கிறது. வேறு எதுவும் எழுத

மே 30

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னபோது அவள்தான் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

காரிலிருந்து சக்கர நாற்காலியில் இறக்கி வாசலுக்குத் தள்ளி வந்தேன். அங்கே நின்றேன். ஐந்து படி. இத்தனை வருடம் ஏறி இறங்கியும் அவ்வளவு உயரம் என்று தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலே போவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

"அப்பா, மைக்ல பேசுறத விட இது கஷ்டமா?"

"பேசாம இரும்மா, விட்டுடுவேன்."

அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்காரம்மா எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார். கடை தரையோடு தரையாக இருக்கிறது. வீட்டை விட்டு இறங்கிவிட்டால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஜூன் 14

கொத்தனார் வந்து பார்த்தார். "அண்ணே, இவ்வளவு உயரத்துக்குச் சாய்தளம் போட்டா நடுரோடு வரைக்கும் வரும். அப்புறம் உங்க பேட்டரி வண்டியே போகாது." சிரித்தேன். வேறென்ன செய்ய? பின்பக்கம் கோயில் மதில், அங்கே வாசல் வைக்க முடியாது. படியை உடைத்து, சரிவை வீட்டுக்குள் தள்ளிக் கட்டினால் உண்டு. அவர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியிருப்பார், தொல்லியல் அலுவலகம் தெருவுக்குப் போட்ட காவலாளி ஓடி வந்துவிட்டான். பலகையைக் காட்டினான்.

கீழ்த்தளத்தில் வாடகைக்கு வீடு பார்த்தேன். பழைய தெருக்களில் எல்லா வீட்டுக்கும் இதே படி. ஊரின் புதுப் பக்கத்தில் காலியாக இருப்பதெல்லாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

ஜூலை 2

அலுவலகத்துக்கே போய்விட்டேன். டேப் சார் டீ வரவழைத்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "சார், அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் கப்சா. ராஜாவும் இல்ல, பரிசும் இல்ல. சாதாரணக் கல்லு சார். எம் பொண்ணுக்காகச் சொல்றேன், பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

அவர் பாவம், தலையை நிமிர்த்தவே இல்லை. "நீங்க சொன்னத வச்சுதான் நிபுணர வரச் சொன்னேன். அவர் சோதிச்சுப் பார்த்துட்டார். கோபுரத்துக் கல்லும் உங்க படிக்கல்லும் ஒண்ணுதாங்க."

பத்து வருடமாக விட்ட கதைகளில் ஒன்றே ஒன்று உண்மையாகியிருக்கிறது. அதுவும் இதுதானா?

ஜூலை 19

இன்று ஒருநாள் சந்தோஷமாக இருந்தோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். சிட்டுவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கிழக்கு வாசலில் வழுவழுவென்று சாய்தளம், பிடித்துக்கொள்ளக் கம்பி. நாற்காலி தானாக ஓடியது. ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியைப் பார்த்தாள். தட்டினால் பாடும் தூண்களைப் பார்த்தாள். குளத்தில் கோபுரம் தலைகீழாகக் கிடந்தது. நான் வழக்கம்போல "மேலே பாருங்க, மேலே பாருங்க" என்று அளந்துகொண்டே போனேன். அவள் கீழே பார்த்தாள். தூணின் அடியில், அவள் கண்ணுக்கு நேராக, ஒரு குள்ள பூதம் மொத்த மண்டபத்தையும் தோளில் தாங்கி முழி பிதுங்கி நிற்கிறது.

"பாருப்பா, உன்ன மாதிரியே. தொப்பை கூட இருக்கு."

இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"வீட்டை விடக் கோயிலே தேவலாம்ப்பா. நெனச்சா வரலாம், நெனச்சா போகலாம்."

திரும்பி வந்து தூக்கினேன். மூன்றாவது படியில் இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. அவளை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒருத்தர் அப்பனும் மகளும் கொஞ்சிக்கொண்டிருப்பதாக நினைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, கையசைத்துவிட்டுப் போனார்.

சிட்டுவும் கையசைத்தாள். அப்புறம் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜூலை 24

எனக்கு முதுகெலும்பில் விலகல். இனி வாளி கூடத் தூக்கக் கூடாதாம். வாளி கிடக்கட்டும் — அவளை?

ஆகஸ்ட் 17

நான் ஒரு கட்டிலில், அவள் ஒரு நாற்காலியில். நடுவில் மனைவி ஓடிக்கொண்டிருக்கிறாள். யாரையாவது கூப்பிட்டுத் தூக்கச் சொல்கிறேன் என்றால், "தெனமும் யாரோ ஒருத்தர் கைய எதிர்பார்த்து நான் வேலைக்குப் போகணுமா?" என்று சிட்டு கத்திவிட்டாள். கோயிலுக்குப் போய் வந்த பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை.

என் வண்டியை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான். ஜன்னல் வழியாக மைக் சத்தம் வந்தது: "இடப்பக்கம் பாருங்க, ராஜா சிற்பிக்குப் பரிசா குடுத்த படி..." என் கதை, என் இழுவை, அப்படியே.

"அத நிறுத்தச் சொல்லுப்பா."

எப்படிம்மா நிறுத்துவேன்?

ஆகஸ்ட் 18

இன்றும் அதே. ஜன்னலைச் சாத்திவிட்டோம்.

செப்டம்பர் 6

கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருக்கிறது. கடைக்கு மேலேயே தங்கும் அறை. "லிஃப்ட் இருக்குப்பா. வாசல்ல ஒரு படி கூடக் கிடையாது. நான் விசாரிச்சுட்டேன்." துணைக்கு அம்மா போகிறாள். எனக்கு இங்கே வண்டி. இந்த இடுப்போடு புது ஊரில் யார் வேலை தருவார்?

டாக்சிக்காரர்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். நான் பக்கவாட்டில் கையை நீட்டிக்கொண்டே வந்தேன், என்னவோ நான்தான் தாங்குவதுபோல. காரில் உட்காரவைத்ததும் சிட்டு, "போய் யார்கிட்டயும் எதையும் அளந்து விடாத" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

செப்டம்பர் 7

மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20

பெல்ட் கட்டிக்கொண்டு மறுபடி வண்டி. சங்கிலி, தூண், குளம் எல்லாம் சொல்கிறேன். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது மைக்கை அணைத்துவிடுகிறேன்.

நவம்பர் 11

காலையில் சிட்டு போன் செய்தாள். "அப்பா, இன்னைக்கு நான் தனியாவே தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்தேன். யாரும் தள்ளல." எதற்குப் போனாய் என்றேன். "சும்மா" என்றாள். அந்தச் சும்மாவை நாள் முழுக்கக் கூடவே வைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. எதைக் காட்டிக் கூப்பிடுவேன்?

மத்தியானம் வண்டியில் வந்த ஓர் அம்மா எங்கள் வீட்டருகே நிறுத்தச் சொன்னார். பலகையைப் படித்தார். படியைத் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா வச்சிருக்காங்க! இதுக்கு ஏதாவது கதை இருக்காங்க?"

"கல்லுதாங்கம்மா."

"உள்ள போய்ப் பார்க்கலாமா?"

"பூட்டியிருக்குங்க."

"யாரும் குடியில்லையா?"

"இருந்தாங்க" என்றேன்.

வண்டியைக் கிளப்பினேன். சட்டைப் பையில் சாவி குத்தியது.