சரக்கு தீர்ந்த குடோனில் உன் பாட்டு

கஞ்சி போட்ட புது வேட்டியின் வாசம். இன்று காலை உங்கள் துணிக்கடை மாடி ஏறியதும் அதுதான் முகத்தில் மோதியது. குடோனில் வேட்டி ஒன்றுகூட மிச்சமில்லை, வாசம் மட்டும் இருந்தது. என் கையில் மைக்கும் ஸ்பீக்கரும்.

முட்டை அட்டை ஞாபகம் இருக்கிறதா? ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்று யூடியூப்பில் எவனோ சொன்னதை நம்பி, உன் பாட்டைப் பதிவு செய்ய, புரோட்டா கடைகளில் கெஞ்சி வாங்கி என் அறைச் சுவர் முழுக்க ஒட்டினேனே! நீ நடுவில் நின்று ஒரு கை தட்டினாய். சத்தம் பழையபடி திரும்பி வந்தது.

"எதிரொலி கம்மியாவல மச்சான், கோழி நாத்தம்தான் ஜாஸ்தியாச்சு. எங்க குடோனுக்கு வா."

போன வருஷத் தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. குடோனில் கூரை வரை துணிக்கட்டுகள். கை தட்டினாய், சத்தம் துணிக்குள் போய் அடங்கிவிட்டது. நான் குதித்தே விட்டேன். எத்தனையோ வீடியோ பார்த்துத் தேடிய அறையை உன் அத்தா துணி அடுக்கியே கட்டி வைத்திருந்தார்! நீயே எழுதி மெட்டுப் போட்ட பாட்டில் பாதியைப் பாடி முடிப்பதற்குள் கீழே கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிமலை ஜனம் ஜீப்புகளில் துணியெடுக்க வந்து இறங்கி, கடையில் ஒரே கூட்டம்.

பண்டிகைக்கு மறுநாள் வந்தால் குடோன் காலி. கை தட்டினேன். கணீரென்றது. நீ சிரித்தாய்.

"வித்துட்டண்டா! உன் ஸ்டுடியோவையே வித்துட்டேன்!"

"சிரிக்காத. மீதிப் பாட்டுக்கு இன்னா பண்றது?"

"பொங்கல் சரக்கு வரட்டும், நல்லா பாடித் தரேன். இப்ப சும்மா பாடறேன், கேட்டுக்க."

சும்மா பாடியதையும் பதிவு செய்தேன். பொங்கல் சரக்கு வந்தது. அதற்குள், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

முதல் பாதி காதருகில் கேட்டது. இரண்டாம் பாதி கல்யாண மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வருவதுபோல். நீ விட்டுப்போன ஒரே பாட்டு, இரண்டு பேர் பாடியதுபோல் நின்றது. சாஃப்ட்வேரில் எதிரொலியை உரித்தால் உன் குரலும் சேர்ந்து உரிந்தது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது: எதிரொலியை எடுக்க முடியாது, சேர்க்கலாமே! அதற்கு அதே அறை வேண்டும், அது காலியாகவும் வேண்டும். அடுத்த தீபாவளி வரை காத்திருந்தேன்.

இன்று நீ நின்ற இடத்தில் ஸ்டூல் போட்டு, உன் வாய் உயரத்தில் ஸ்பீக்கரை வைத்தேன். அன்றைய மூலையிலேயே மைக். முதல் பாதியை ஓடவிடப் போகும்போது உன் அத்தா படியேறி வந்தார்.

"இன்னா தம்பி பண்ணிக்கினு இருக்க?"

"பாட்டு ரெண்டா நிக்குதுங்க. ஒண்ணாக்கறேன்."

அவர் மேல்படியில் உட்கார்ந்தார். நீ குடோன் முழுக்கப் பாடினாய். முடிந்ததும் அவர் ஸ்பீக்கரைப் பார்த்தபடியே கேட்டார்.

"செரியா வந்துச்சா? வரலன்னா இன்னொரு வாட்டி வுடு."

அச்சு அசலாக வந்திருந்தது.

"வரலைங்க" என்று சொல்லி மறுபடி ஓடவிட்டேன்.

அந்த இரண்டாவது பதிவில், உன் குரலுக்குப் பின்னால், படியில் விரலால் யாரோ மெதுவாகத் தாளம் தட்டுகிறார்கள். அதைத்தான் பாட்டில் சேர்த்து என் போனில் வைத்திருக்கிறேன்.