கருந்துளையின் தீனியும் அம்மாவின் விரதமும்

ஜூன் 9, திங்கள். இலஞ்சி

அப்பா போனபின் அம்மா தனியாக இருக்க வேண்டாமென்று புனேயிலிருந்து வேலையோடு வந்து இரண்டு மாதம். வேலை இதுதான்: ஒரு பெரிய விண்மீன் மண்டலம், அதன் நடுவே கருந்துளை. இரு பக்கமும் அது பீய்ச்சும் தாரைகள் ரேடியோ தொலைநோக்கிப் பதிவில் நன்றாகத் தெரிகின்றன. தின்னாமல் பீய்ச்ச முடியாது. உள்ளே விழும் குளிர்ந்த வாயுவின் தடயத்தைத் தேடுகிறேன். காணவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அதுவும் விரதமா இருக்கும்லே" என்றாள் அம்மா. அவளுக்கு இன்று சோமவார விரதம்.

ஜூன் 13, வெள்ளி

பதிவில் குறுக்கீடுகளை நீக்கினேன். செல்போன் கோபுரம், செயற்கைக்கோள். கூராக எதைக் கண்டாலும் வெட்டிவிடுவேன், எனக்குக் கை வேகம். அம்மா வெள்ளி விரதம்.

ஜூன் 17, செவ்வாய்

சாரல். அம்மா விரதம்.

ஜூன் 26, வியாழன்

வியாழனும் விரதமாம், குருவுக்கு. "ஞாயிறு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேலி செய்தேன். சிரித்தாள். சாயங்காலம் இட்லியைக் காபியில் கரைத்துக் குடித்தாள். பல்வலியாக இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

என்னோடு இதே பதிவில் வேலை செய்யும் ஃபாயிஸா புனேயிலிருந்து பேசினாள். நான் வெட்டியதில், ரேடியோ அலையை ஏதோ விழுங்கியதுபோல ஒரு சிறு பள்ளம் இருந்திருக்கிறது. மூன்று மாத இடைவெளியில் எடுத்த பதிவுகளில், பூமியின் ஓட்டத்துக்கேற்ப அது அலைவரிசையில் இடம் மாறுகிறது. கோபுரமென்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். இது வாயு மேகம். நொடிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கருந்துளையை நோக்கி விழுகிறது. தீனியேதான்.

"என்னன்னு பாக்காமலே வெட்டிட்டியா?" என்றாள்.

பார்க்கவில்லைதான்.

ஜூலை 11, வெள்ளி

கஞ்சி குடிக்கும்போது அம்மாவுக்குப் புரையேறியது. இருமல் நிற்கவே இல்லை. பிறகு சொன்னாள்: "மாசக்கணக்கா சோறு இறங்க மாட்டேங்குய்யா. அப்பா போன துக்கத்துல நீயே கெடந்து தவிக்கே. விரதம்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கள்லா."

இந்த நோட்டைப் புரட்டினேன். திங்கள், வெள்ளி, செவ்வாய், வியாழன். எல்லாம் என் கையெழுத்து. எழுதிவிட்டு என்னத்தைப் பார்த்தேன் நான்?

ஜூலை 16, புதன். தென்காசி

உணவுக்குழாயில் புற்று. வெகுதூரம் பரவிவிட்டது என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் என்று கேட்க வந்தவன், இனி எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்டேன்.

ஜூலை 30, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய் போட்டிருக்கிறார்கள். ஃபாயிஸா அந்த மேகம் பற்றிய கட்டுரையை அனுப்பியிருக்கிறாள், என் பெயர்தான் முதலில். இன்னும் திறக்கவில்லை.

மத்தியானம் முதல்முறையாக நானே ஊற்ற உட்கார்ந்தேன். நூறு மில்லி கஞ்சி, மெதுவாக.

"இன்னைக்கு சஷ்டிலா" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

கஞ்சிக் கிண்ணத்தை நான் கீழே வைக்கவில்லை. பிறகு சேலையை ஒதுக்கி, குழாயின் நுனியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஊத்துய்யா."