எங்கேயிருந்து என்று கேட்டவளுக்கு

காலையில் குற்றாலம் போய்வந்த தம்பி, நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பிரித்ததும் தேங்காய் எண்ணெய் வாசம். உன் கீபோர்டின் வாசம் அது. சிப்ஸ் தின்ற கையாலேயே தட்டுவாய். திட்டினால் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டுவாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவே இல்லை. எனக்கு இன்னும் கோபம்தான்.

தென்காசியில் என் வீட்டு மாடியில் இருவரும் கம்பைலர் வேலை பார்த்தோம்; நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றித் தருவது அது. ஒரு மதிப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டளைக்குள் எழுத வேண்டும்: எந்த இடத்திலிருந்து, எவ்வளவு தள்ளி. முதலில் அதை எல்லா இடத்திலும் கையால்தான் எழுதினோம், மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கின் நுனியிலிருந்து அளந்து. நடுவில் வேறொன்றை ஸ்டாக்கில் ஏற்றினால் நுனி நகர்ந்துவிடும். புரோகிராம் எந்தப் புகாரும் சொல்லாமல் தப்பான விடையைத் தரும்.

நீதான் கண்டுபிடித்தாய். "ஏட்டி, எங்க இருந்து அளக்க? நிக்குத பஸ்ஸுல இருந்தா வழி சொல்லுவாவ? அது புளியறைக்குப் போயிருமே. கோபுரத்துல இருந்து சொல்லு."

அன்றைக்கே சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்களை எழுதினாய். எந்த மாறியின் மதிப்பு வேண்டும் என்று மட்டும் நாம் சொன்னால் போதும். நகராத இடம் ஒன்றைப் பிடித்து, தூரத்தை அவையே நிரப்பிக்கொள்ளும்.

புதிதாக வந்த குழுத் தலைவர் ஆலங்குளத்துக்காரர், வேலை தெரிந்தவர். "ரெண்டு வரிக்கு எதுக்குத் தனி ஃபங்ஷன்? எடுத்துருவோம்" என்றார் போன வாரம். இந்த வேலையில் உன் கை முழுதாய் மிச்சமிருப்பது அவற்றில்தான். ஆனாலும் நான் கெஞ்சவில்லை. "ஒரு இடத்துல கையால எழுதிப் பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

இன்று மதியம் போன் செய்தார். "விடை தப்பா வருது. தூரமெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"எங்க இருந்து அளந்தீங்க?"

"நுனியில இருந்துதான்" என்றார். பிறகு சிரித்தார். "சரி, அதெல்லாம் அங்கனயே இருக்கட்டும். யாரு எழுதுனது?"

உன் பெயரைச் சொன்னேன். குரல் உடையாமல் சொன்னேன்.

இப்போது யார் எந்தக் கணக்கைக் கொண்டுவந்தாலும் முதலில் எங்கேயிருந்து என்றுதான் கேட்கிறேன். நீ போய் இத்தனை சாரல் பருவம் ஆயிற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அப்படி அளப்பதில்லை. சிப்ஸ் பொட்டலத்தோடு நீ என் மாடிப்படி ஏறி வந்த நாளிலிருந்து எண்ணுகிறேன். அது நகராது.