வசந்தாவின் புளியோதரை

செவ்வாய், இரவு.

ச்சீ, என்னை நினைத்தாலே குமட்டுகிறது.

காலையில் பத்தாம் வகுப்புக்குக் கதிரியக்கம் நடத்தினேன். "வெளியேயிருந்து கதிர் பாய்ச்சினா, மெஷினை நிறுத்தினதும் உடம்புல எதுவும் தங்காது. எக்ஸ்ரே எடுத்தவங்களைத் தொட்டா நமக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் வசந்தா வழக்கம்போல் புளியோதரை டப்பாவைத் திறந்து வைத்தாள். அவள் கணவருக்குப் புற்றுநோய். போன வாரத்திலிருந்து மெஷினில் ரேடியேஷன் கொடுக்கிறார்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை. "ரேடியேஷன் வீடெல்லாம் பரவியிருக்கும், எதுக்கு வம்பு?" என்று என் காதில் கிசுகிசுத்தார் கணக்கு சார். படித்த ஜென்மங்கள்!

"நீங்களாவது எடுத்துக்கங்க டீச்சர்" என்று என்னிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு ஏகாதசி, விரதம்" என்றேன்.

ஏகாதசி முந்தாநாளே முடிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்த வசந்தாவுக்கு அது தெரியாதா?

"சரிங்க டீச்சர்" என்று டப்பாவை மூடினாள்.