எட்டாம் வகுப்பு என்று எழுதினேன்

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் தேநீர்கூடப் போடாமல் இவருடைய சமையல் பரீட்சைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். இருபது வருடமாக உணவகத்தில் உதவியாளாக நிற்கிறார். சான்றிதழ் கிடைத்தால் சமையற்காரர். பள்ளிப்படிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஓ.எல். பாஸ் எண்டு போடுமன், உம்மட அம்மாவுக்குச் சொன்ன மாதிரி," என்று சிரித்தார்.

ஊரில் பள்ளி முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் அவர் தேறியவர் என்று கல்யாணத்துக்காக நான் சொன்ன பொய். போர்க்காலத்தில் இராணுவம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து அவரை வீட்டில் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பெண் என்பதால் நான் பட்டம்வரை படித்தேன். இந்த அந்நிய நாட்டுக்கு வந்து முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறேன்.

"எட்டு எண்டே போடுறன்."

"அப்ப எடுப்பாங்களோ?"

"ஓம். அவங்கள் பாக்கிறது நீங்கள் வேலை செய்த வருசத்தை."

நிமிர்ந்து உட்கார்ந்து கையொப்பம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் வரும்போது உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அப்படி முடிவெடுத்திருப்பதை இவருக்கு இன்னும் சொல்லவில்லை.