வள்ளியின் இடது நரம்பு

ஐப்பசி 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கிளம்பும்போது மலை தெரியவில்லை. தங்கச்சி வள்ளியோடு சென்னை ஆஸ்பத்திரி. மூக்குக்கு மேலே, மூளைக்கு அடியில் கட்டி. நெல்லிக்காய் அளவு என்றார் டாக்டரம்மா. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் எலுமிச்சை என்றேன். எங்க ஊர் வேங்கிக்கால் ஆட்களிடம் போனில் மாங்காய். வள்ளி மகள் முறைத்தாள். "மாமா, கட்டி தானா வளருதா, நீ வளக்கறியா?"

வள்ளிக்குக் கட்டி பயமில்லை, வாசனை போய்விடுமோ என்றுதான். மடத்துச் சமையல் அவள் கை. படையல் முடியாமல் நாக்கில் வைக்கக் கூடாது. கொதிக்கும்போது முகர்ந்தே உப்பு பார்ப்பாள். மூக்கு போனால் வேலையும் போச்சு.

டாக்டரம்மா: "வாசனை நரம்பு ரெண்டுங்க. வலதுல கட்டி ஒட்டிக்கிச்சு. இடதையாவது காப்பாத்தப் பாக்கறோம்."

"இடதை விட்றாதீங்க"ன்னேன். யோசனை என்னுடையது.

பீடி விட்டாச்சு. அவளுக்கு வாசனை திரும்பும்வரை தொடுவதில்லை. அண்ணாமலையாருக்கு வேண்டுதல்.

5, வியாழன்

ஆபரேஷன். காலையில் உள்ளே, சாயங்காலம் வெளியே. கட்டியை எடுத்துவிட்டார்கள். இடது நரம்பு அறுபடவில்லை. வேலை செய்யுமா, தெரியாதாம். கேன்டீன் இட்லி கல். மழை ஜாஸ்தி.

9, திங்கள்

கற்பூரம் கசக்கி அவள் மூக்கருகே வைத்தேன். "ஜிவ்வுனு ஏறுதுண்ணே!" போதாதா? கீழ்பென்னாத்தூர் அக்கா வரை போன். வாசனை வந்துட்டுச்சு, என் கையால.

டாக்டரம்மா வந்து ஒரே சத்தம். "யாருங்க வெக்கச் சொன்னது? கற்பூரம் வெறும் எரிச்சல். அதுக்கு வேற நரம்பு. வாசனையே போனவங்களுக்கும் அது ஏறும். காப்பித்தூள் குடுங்க."

வள்ளி கண்ணை மூடி முகர்ந்தாள். ரொம்ப நேரம்.

"ஒண்ணும் இல்லண்ணே."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் யாருக்கும் மறுபடி போன் செய்யவில்லை.

கார்த்திகை 6, ஞாயிறு

வெயில். தீபத்துக்கு ஊர் நெரிசல். மடத்தில் வேறு ஆள் சமையல். சாம்பார் கரிக்கிறதாம். செய்தியைக் கிளப்பியது நான்தான்.

சோம்பு மென்றபடி வள்ளி வீடு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"அண்ணே, கிட்ட வா. ஊது."

ஊதினேன்.

"சோம்பு." இன்னொரு தடவை இழுத்தாள். "அதுக்குக் கீழ பீடி. வேண்டுதல்னு ஊரெல்லாம் சொன்னியே, வெக்கமா இல்ல?"

சொன்னவளே தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து போய்க் குழம்புச் சட்டிமேல் குனிந்தாள்.

"உப்பு கம்மி."

கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். கம்மிதான்.

மடத்துக்குப் போன் போட்டேன். இடது நரம்பை விட வேண்டாமென்று சொன்னது யாரென்று முதலில் சொன்னேன். வள்ளி வருகிறாள் என்பதை அப்புறம்.